போன் ஹலாலா, ஹராமா? கல்லூரி மாணவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) அவ்வப்போது செல்போன் பேச்சு வந்துவிடும். பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம், கையிலேயே ஷைத்தானை வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று ஹஜ்ரத் வருத்தப்படுவார். பின்வரிசையில் இருக்கும் கல்லூரிப் பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அன்று இரவே ஹாஸ்டல் அறையில் எதிர்ப்பேச்சும் நடக்கும். போன் வெறும் கருவிதானே, அதில் மார்க்கத்துக்கு என்ன வேலை, தொழும்போது சைலன்டில் போட்டால் போதாதா என்பார்கள்.

இரண்டு பேச்சும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. முதல் பேச்சு பொருளைத் திட்டுகிறது. இரண்டாவது பேச்சு, அந்தப் பொருளை வைத்து நாம் செய்கிற காரியங்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. இரண்டுமே மறந்துவிடுவது போனின் மறுமுனையில் இருக்கும் மனிதரை: நம் ஸ்கிரீன்ஷாட்டில் சிக்கியவர், நாம் ஃபார்வர்டு செய்த வதந்தியில் பெயர் அடிபட்டவர், இரவெல்லாம் விழித்து எழுதிய அசைன்மென்ட்டை நமக்குப் பறிகொடுத்தவர். டிஜிட்டல் வாழ்க்கையைப் பற்றி இஸ்லாமிய ஒழுக்கம் சொல்வதில் மிகக் கனமான பகுதி இந்த மனிதரைப் பற்றியது. இசை கேட்கலாமா, படம் எடுக்கலாமா என்று மாணவர்கள் நிறையக் கேட்கிறார்கள். இந்த மனிதரைப் பற்றி மிகக் குறைவாகவே கேட்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தீர்ப்பு எதன் மீது விழுகிறது?

நண்பனின் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பைக் ஹலாலா ஹராமா என்று யாரும் கேட்பதில்லை. சாவியைக் கேட்டு வாங்கினாயா, கேட்காமல் எடுத்தாயா என்றுதான் கேட்பார்கள். எங்கே போனாய், வழியில் யாரையாவது இடித்தாயா, இடித்திருந்தால் வண்டியை நிறுத்தி என்ன ஆயிற்று என்று பார்த்தாயா? அதே பைக்கில் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் நன்மை. ஒருவரைப் பயமுறுத்தப் பின்தொடர்ந்து போனால் பாவம். டீ குடிக்கப் போனால் இரண்டுமில்லை.

மார்க்கச் சட்டமும் இப்படித்தான் நகர்கிறது. ஒரு செயலுக்கு மார்க்கம் கொடுக்கும் நிலையை ஹுக்மு என்பார்கள். ஹுக்மு ஐந்து வகை: செய்தே ஆக வேண்டியது, செய்வது சிறந்தது, செய்தாலும் விட்டாலும் சமமானது, தவிர்ப்பது நல்லது, செய்யவே கூடாதது. நடுவில் இருக்கும் மூன்றாவது வகைக்கு முபாஹ் என்று பெயர். வணக்க வழிபாடு அல்லாத உலகக் காரியங்களில், தடைக்கு ஆதாரம் வராதவரை அனுமதிதான் அடிப்படை என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. அந்த வகையில் போன், லேப்டாப், இன்டர்நெட், செயற்கை நுண்ணறிவு எல்லாமே முபாஹ் என்ற இடத்தில்தான் தொடங்குகின்றன. எதற்கு, எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அங்கிருந்து மேலேயோ கீழேயோ போகின்றன.

புதிய கருவி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நம் காலத்தில் பிறந்ததல்ல. 1727இல் இஸ்தான்புல்லில் இப்ராஹிம் முத்தஃபரிகா என்பவர் அச்சகம் தொடங்க அனுமதி கேட்டார். அன்றைய ஷைகுல் இஸ்லாம், அதாவது அரசின் தலைமை மார்க்க அறிஞர், கொடுத்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு), எந்த வகை நூல்களை அச்சிடலாம் என்று பேசியது: அகராதி, தர்க்கம், வானியல் போன்றவை. பிழை திருத்தத் தேர்ந்த அறிஞர்களை அமர்த்த வேண்டும் என்றும் சொன்னது. குர்ஆனும் ஹதீஸும் (நபிமொழி) ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டம்) அந்த அனுமதியில் சேரவில்லை. அந்த எல்லை சரியா என்று இன்று நாம் விவாதிக்கலாம். ஆனால் கேள்வியை அவர்கள் எடுத்துக்கொண்ட முறையைப் பாருங்கள். இதில் எதை அச்சிடுவது, தவறு பரவாமல் பார்த்துக்கொள்வது யார் என்று யோசித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் அதே இரண்டு கேள்விகள் பொருந்தும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது நிய்யத், அதாவது உள்ளத்து எண்ணம். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்தான் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பின் முதல் ஹதீஸ். அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், "என் நிய்யத் நல்லதுதானே" என்று எதற்கும் சொல்கிறவர்கள் உண்டு. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) இதற்கு நேராகவே பதில் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணம் முபாஹானதை நன்மையாக உயர்த்தும், பாவத்தை நன்மையாக மாற்றாது. ஒருவரைச் சந்தோஷப்படுத்துவதற்காக இன்னொருவரைப் புறம்பேசுவதும், அடுத்தவர் பணத்தை எடுத்து ஏழைக்குச் சோறு போடுவதும் அவர் காட்டும் உதாரணங்கள். நாலு பேர் சிரிக்கட்டும் என்று வகுப்புத் தோழனின் படத்தை மீம் ஆக்குகிறவர்கள் முதல் உதாரணத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

இரண்டு கணக்குகள்

இனி முக்கியமான பிரிவினைக்கு வருவோம். ஒரு மனிதன் செய்யும் தவறுகளை அறிஞர்கள் இரண்டு கணக்கில் வைக்கிறார்கள். அல்லாஹ்வுக்குச் செலுத்த வேண்டியதில் வைத்த குறை ஒன்று, இது ஹக்குல்லாஹ். சக மனிதர்களுக்குச் சேர வேண்டியதில் வைத்த குறை மற்றொன்று, இது ஹக்குல் இபாத். ஒரு மனிதரின் பணம், உயிர், உடல் மட்டுமல்ல, அவருடைய மானமும் இதில் அடங்கும்.

முதல் கணக்கை அடியானும் அல்லாஹ்வும் தீர்த்துக்கொள்ளலாம். மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டால் கதவு திறந்திருக்கிறது. இரண்டாவது கணக்கில் அது மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும்.

இதன் கனத்தைச் சொல்லும் ஹதீஸ், முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) தோழர்களிடம் கேட்டார்கள். கையில் காசோ பொருளோ இல்லாதவன் என்றார்கள் அவர்கள். இல்லை, என் சமுதாயத்தில் திவாலானவன் மறுமையில் தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் வருவான், ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருப்பான், ஒருவரின் பொருளைச் சாப்பிட்டிருப்பான், ஒருவரை அடித்திருப்பான் என்றார்கள். அவனுடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். நன்மைகள் தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்களை எடுத்து இவன் மேல் போடுவார்கள்.

அந்தப் பட்டியலில் திட்டுவதும், அவதூறு சொல்வதும், பிறர் பொருளை எடுப்பதும் கட்டைவிரலால் செய்யக்கூடிய காரியங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். தீர்ப்பு போனுக்கு இல்லை, போனில் செய்யும் செயலுக்கு. நல்ல எண்ணம் தவறான செயலைக் காப்பாற்றாது. பிற மனிதரின் உரிமையைத் தொடும் செயல்களுக்குக் கணக்கு தனியாக இருக்கிறது. இனி அந்தச் செயல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு ஸ்கிரீன்ஷாட் பயணம் போகும் வழி

வகுப்பில் ஒரு மாணவி, தோழிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறாள். இந்த செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விடும் போலிருக்கிறது, வாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது என்கிறாள். தோழி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "பாவம்ல" என்ற ஒரு சொல்லோடு நாலு பேர் இருக்கும் சின்னக் குழுவில் போடுகிறாள். அந்த நாலு பேரில் ஒருத்தி தன் மச்சிக்கு அனுப்புகிறாள். அந்த மச்சி, மாணவியின் வாப்பா வீட்டுத் தெருவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வலீமா விருந்தில், பிள்ளை படிப்பு எப்படிப் போகிறது என்று ஒருவர் வாப்பாவைக் கேட்கிறார், கேட்கும் விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. முதலில் அனுப்பியவள் இரக்கப்பட்டுத்தான் அனுப்பினாள்.

ஆனாலும் இங்கே இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. முதலாவது அமானிதத்தை மீறியது. நம்மை நம்பி ஒப்படைத்ததெல்லாம் அமானிதம், பேச்சும் அதில் சேரும். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால் அந்தச் செய்தி அமானிதம் என்ற ஹதீஸ் அபூதாவூது, திர்மிதி என்ற தொகுப்புகளில் இருக்கிறது. யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற அந்தப் பார்வையே போதுமாம், "யாரிடமும் சொல்லாதே" என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. சாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது. தனிச் செய்தியாக ஒருவருக்கு மட்டும் எழுதுவதே அந்தப் பார்வை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இரண்டாவது புறம்பேசுதல். உன் சகோதரனைப் பற்றி அவன் வெறுப்பதைச் சொல்வதே அது என்று நபி (ஸல்) விளக்கினார்கள். நான் சொல்வது அவரிடம் உண்மையிலேயே இருந்தால் என்று ஒருவர் கேட்டார். இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அது அவதூறு என்றார்கள். "உண்மையைத்தானே சொன்னேன்" என்று நாம் வைத்திருக்கும் சமாதானம் இதில் அடிபட்டுப் போகிறது.

குர்ஆனின் சூரத்துல் ஹுஜுராத் 12ஆம் வசனம் மூன்று தடைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறது: சந்தேகப்படாதீர்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம்பேசாதீர்கள். நடுவில் இருக்கும் துருவுதலுக்குத் தஜஸ்ஸுஸ் என்று பெயர். வரிசையைக் கவனியுங்கள். ஒரு தோழி கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள் என்று பார்க்கும்போது சந்தேகம் முளைக்கிறது. சார்ஜ் போட்டிருக்கும் அவளுடைய போனை எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை. வசனம் சொன்ன அதே ஒழுங்கில் மூன்றும் நடந்து முடிகின்றன. முதல் படியிலேயே நிறுத்துவதுதான் சுலபம், மூன்றாவது படியில் நிறுத்துவது மிகக் கடினம்.

நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த சம்பவம் புகாரியில் இருக்கிறது. அப்போது அவர்கள் கையில் தலை கோதும் இரும்புச் சீப்பு இருந்தது. நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இதனாலேயே உன் கண்ணில் குத்தியிருப்பேன் என்று கடுமையாகச் சொன்னார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் வந்தது என்றார்கள். அந்த மனிதர் உள்ளே காலடி வைக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை, வெறுமனே பார்த்தார். நண்பனின் போன் லாக் எண் நமக்குத் தெரியும் என்பது, அதைத் திறந்து பார்க்க அவன் கொடுத்த அனுமதி ஆகாது.

அப்படியானால் புகாரே சொல்லக் கூடாதா?

இது மிகவும் தவறாகப் பயன்படும் இடம், அதனால் கொஞ்சம் நின்றே சொல்கிறேன். சீனியர் ஒருவர் ராகிங் செய்கிறார், அல்லது ஒருவர் ஒரு மாணவிக்கு ஆபாசமான செய்திகள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அவள் அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் செய்யப் போனால், அடுத்த முஸ்லிமின் குறையை மறைக்கச் சொல்லியிருக்கிறதே, இது புறம்பேசுதல் ஆகாதா என்று அவளைத்தான் தடுக்கிறார்கள்.

ஆகாது. அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர வேறு யாரும் தீய சொல்லை வெளிப்படையாகப் பேசுவதை அல்லாஹ் விரும்பவில்லை என்கிறது குர்ஆன் (4:148). அநீதிக்கு ஆளானவருக்கு விலக்கு அந்த வசனத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இமாம் நவவி (மறைவு 1277) புறம் பேசத் தடையில்லாத ஆறு சூழல்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார். அநீதியைத் தீர்க்கக்கூடிய அதிகாரத்தில் இருப்பவரிடம் முறையிடுவது அதில் முதலாவது. தீமையைத் தடுக்க உதவி கேட்பதும், மற்றவர்களை எச்சரிப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. அந்த மாணவி எடுத்த ஸ்கிரீன்ஷாட் சாட்சியம். அதைக் கல்லூரியின் புகார்க் குழுவிடமோ காவல்துறையிடமோ கொடுப்பது அவளுடைய உரிமை. "சமுதாயத்தின் மானம்" என்று சொல்லி அவளை அடக்குகிறவர்கள் தவறு செய்தவரின் மானத்தைக் காக்கிறார்கள், அவளுடைய மானத்தைக் கைவிடுகிறார்கள்.

எல்லை ஒன்று உண்டு. தீர்வு கிடைக்கத் தேவையான அளவுக்கு, தேவையானவர்களிடம் சொல்ல வேண்டும். புகார்க் குழுவுக்குப் போக வேண்டிய படம், சம்பந்தமே இல்லாத முந்நூறு பேர் பார்த்துப் பேசிக் கலையும் பொருளாகிவிடக் கூடாது.

ஃபார்வர்டு: விரலால் செய்யும் அறிவிப்பு

கேள்விப்பட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒரு மனிதன் பொய்யன் என்பதற்குப் போதுமானது என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். அவன் பொய்யை இட்டுக்கட்ட வேண்டியதில்லை. சரிபார்க்காமல் கடத்தினால் போதும். சூரத்துல் ஹுஜுராத் 6ஆம் வசனம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: நம்பத்தகாதவர் ஒரு செய்தியோடு வந்தால் தீர விசாரியுங்கள், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு, பின்னர் செய்ததை எண்ணி வருந்துவீர்கள்.

நபியின் மனைவி அன்னை ஆயிஷா (ரலி) மீது மதீனாவில் அவதூறு பரவியபோது இறங்கிய வசனங்கள் சூரத்துந் நூரில் இருக்கின்றன. அவதூறு எப்படிப் பரவியது என்பதை 15ஆம் வசனம் படம்பிடிக்கிறது. நாவிலிருந்து நாவுக்கு வாங்கினீர்கள், உங்களுக்குத் தெரியாததை வாயால் சொன்னீர்கள், அதை இலேசாக எண்ணினீர்கள், அல்லாஹ்விடமோ அது மிகப் பெரிய விஷயம் என்கிறது. இட்டுக்கட்டியவர்களைத் தனியாகக் கண்டித்த குர்ஆன், கேட்டுக் கைமாற்றிய சாதாரண மக்களையும் விடவில்லை.

"தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள்" என்பது என்ன என்று தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 பிப்ரவரி கடைசியில் இலங்கையின் அம்பாறையில், ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலந்ததாக வதந்தி கிளம்பியது. சாப்பாட்டில் கிடந்தது மாவுக் கட்டி. அந்த உணவகத்தில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. கூட்டத்துக்கு நடுவில் அவர் தடுமாறியதை ஒப்புதல் வாக்குமூலம் போலக் காட்டிய வீடியோ ஃபேஸ்புக்கில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் கண்டி மாவட்டம் திகனவில் இன்னும் பெரிய வன்முறை நடந்தது, அரசு சமூக வலைத்தளங்களையே சில நாட்கள் முடக்கியது. அதே ஆண்டு மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம், பிள்ளை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ஒரு வயதான பெண்ணை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. இந்தச் செய்திகளை அனுப்பியவர்களில் எத்தனையோ பேர், எச்சரிக்கைதானே செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மார்க்கத்தின் பெயரால் வரும் ஃபார்வர்டுகளுக்கும் இதே அளவுகோல்தான். ரமலான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராமாகும் என்று வருடா வருடம் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி ஒரு ஹதீஸ் கிடையாது. நபியின் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவன் நரகத்தில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற ஹதீஸோ, ஏராளமான தோழர்கள் அறிவித்த மிக உறுதியான ஒன்று. இப்போது ஏஐ செயலிகளிடம் ஹதீஸ் கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. அவை தொகுப்பின் பெயரும் எண்ணும் போட்டு, இல்லாத ஹதீஸைக்கூட அழகாக எழுதித் தரும். அந்த எண்ணில் அந்த ஹதீஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மறுபடியும் சுருக்கமாக: நம்பிச் சொன்னது அமானிதம், உண்மையாக இருந்தாலும் அது புறமாகலாம், அநீதிக்கு எதிரான புகார் புறமாகாது, சரிபார்க்காமல் கைமாற்றுவது அறிவிப்பாளரின் பொறுப்பை நம் மேல் ஏற்றிவிடும்.

அசைன்மென்ட்டும் ஏஐயும்

நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட். இரவு பதினொன்றரை மணிக்குத் தலைப்பை ஏஐயில் போட்டால் ஐந்து பக்கம் வந்துவிடுகிறது. மேலே பெயரும் பதிவு எண்ணும் போட்டால் முடிந்தது. இது ஹராமா?

நபி (ஸல்) மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவன் என்னைச் சார்ந்தவன் அல்ல என்றார்கள். இதுவும் முஸ்லிமில் இருக்கும் ஹதீஸ்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை என்பது. மழை அந்த வியாபாரியின் குற்றமில்லை. ஈரத்தை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம். ஏஐ விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் பார்த்ததில்லை. புரியாத பாடத்தை ஏஐயிடம் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். உங்கள் ஆங்கில வாக்கியத்தைத் திருத்தச் சொல்லலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வரைவுகூடக் கேட்கலாம், எதற்கெல்லாம் பயன்படுத்தினேன் என்று மேலே எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் கூடாது என்று சொல்லியிருந்தால் கூடாதுதான். சேரும்போது அந்த விதிகளுக்கு ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தோம், உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (5:1). ஏஐ எழுதியதை நான் எழுதினேன் என்று கொடுப்பது ஈரத்தை அடியில் மறைக்கும் வேலை.

இங்கே மென்பொருளின் சதவீதத்தைக் காட்டி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. ஆனால் அந்த எண், எழுத்துகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் அளக்கிறது. முழுக்க ஏஐ எழுதிய கட்டுரை ஒப்புமை சோதனையில் சுத்தமாக வெளியே வந்துவிடலாம். மென்பொருளிடம் பிடிபடவில்லை என்பதால் ஏமாற்று ஏமாற்று இல்லையென்று ஆகிவிடாது.

பிறர் எழுத்தை எடுத்தாள்வதைப் பற்றியும் நம் மரபில் கண்டிப்பு இருந்திருக்கிறது. ஒரு கூற்றை அதைச் சொன்னவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது அறிவின் பரக்கத்தில் (அருள்வளத்தில்) ஒன்று என்று குர்துபி தம் தஃப்ஸீரின் (குர்ஆன் விளக்கவுரையின்) முன்னுரையில் எழுதினார். தம் எழுத்தைத் திருடியவர் மீது கோபப்பட்டு சுயூதி (மறைவு 1505) தனியாக ஒரு சிறுநூலே எழுதியிருக்கிறார்.

இதில் மறுமுனை மனிதர் யார் என்று கேட்கலாம். கூடப் படித்து நேர்மையாக எழுதிக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் ஒருவர். நாளை அந்தப் பட்டத்தை நம்பி நம்மிடம் வரப்போகிறவர் இன்னொருவர். மருத்துவம் தெரிந்தவராக அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பு என்ற ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. நர்சிங், பார்மசி, சிவில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காசு கொடுக்காத மென்பொருள், புத்தகம்

இதை வேகமாகவே சொல்லிவிடலாம். எழுத்து, கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமை மார்க்கத்தில் சொத்தாக மதிக்கப்படுமா என்பதில், இந்தியத் துணைக்கண்டத்து ஆலிம்களிடையே நீண்ட காலம் இரு கருத்து இருந்தது. ஜித்தாவிலிருந்து இயங்கும் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, இவை உரியவருக்குச் சொந்தமான உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானம் போட்டது. எனவே கிராக் செய்த மென்பொருள் என்றால் முதலில் மாற்று வழியைத் தேடுங்கள். லிப்ரே ஆபிஸ், ஜிம்ப் போன்றவை இலவசம். மாணவர்களுக்கு இலவசமாகவோ மலிவாகவோ கொடுக்கும் நிறுவனங்கள் நிறைய. புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது.

தூங்கும் நேரம்

நேரத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். மக்களில் பலர் இழப்புக்குள்ளாகும் இரண்டு அருட்கொடைகள் ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் என்ற புகாரி ஹதீஸ் பலருக்கும் மனப்பாடம். அதிகம் பேசப்படாத இன்னொன்று: இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) விரும்பவில்லை. படிப்பு, விருந்தாளி, குடும்பம் போன்ற தேவைகளுக்கு விலக்கு உண்டு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு ஃபஜ்ரை (அதிகாலைத் தொழுகையை) தவறவிடும் பிரச்சினைக்கு ஃபஜ்ரில் தீர்வு தேடினால் கிடைக்காது, இஷாவுக்குப் பிறகு உள்ள அந்த நேரத்தில்தான் தேட வேண்டும்.

தடுப்பதற்கு ஓர் அளவு

பாவத்துக்கு இட்டுச்செல்லும் வழியையே அடைப்பது என்ற சட்ட விதி ஒன்று உண்டு. அதற்கு ஸத்துத் தராயிஃ என்று பெயர். வழி பாவத்தில்தான் முடியும் என்று உறுதியாகவோ, பெரும்பாலும் அப்படித்தான் என்றோ தெரியும்போது அதைப் பயன்படுத்துவார்கள். எப்போதாவது நேரலாம் என்ற பயத்துக்கெல்லாம் வழியை அடைப்பதில்லை. திராட்சை சாராயமாகலாம் என்பதால் திராட்சைத் தோட்டமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பது அறிஞர்கள் எடுத்துக்காட்டும் உதாரணம்.

நம் வீடுகளில் இந்த விதி பிள்ளைகளைப் பார்த்து மாறுகிறது. மகனுக்குப் புதுப் போன் வாங்கித் தருகிறோம். கல்லூரிக்குப் போகும் மகளின் போனை ஒவ்வொரு இரவும் வாங்கிப் பார்க்கிறோம், அல்லது தம்பியை விட்டுப் பார்க்கச் சொல்கிறோம். பார்வையைத் தாழ்த்தும்படி குர்ஆன் முதலில் ஆண்களுக்குத்தான் சொன்னது, பெண்களுக்கான வசனம் அதற்கு அடுத்தது (24:30, 31). பருவமடைந்து, புத்தி தெளிந்து, தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தவரை முகல்லஃப் என்கிறோம். கல்லூரி மாணவர், மாணவி இருவருமே முகல்லஃப்தான். பெற்றோருக்குப் பொறுப்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லாமல் மகளின் சாட்டுகளைத் துருவுவது, மேலே பார்த்த தஜஸ்ஸுஸிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது என்று வாப்பாமார்களும் காக்காமார்களும் (அண்ணன்மார்களும்) யோசிக்க வேண்டும்.

தவறு நடந்துவிட்டால்

இமாம் நவவி தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து மீள்வதற்கு) மூன்று நிபந்தனைகள் சொல்கிறார்: பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. பாவம் இன்னொரு மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டதானால் நான்காவதாக ஒன்றும் உண்டு. அவருக்குரியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது மன்னிப்புப் பெற வேண்டும்.

போனில் இந்த நான்காவது நிபந்தனை எப்படி இருக்கும்? குழுவில் போட்ட படத்தை அழிப்பது முதல் நிபந்தனையை மட்டுமே நிறைவேற்றும். மற்றவர்கள் சேமித்து வைத்தது அப்படியே இருக்கும். அதனால் அதே குழுவில், "நேற்று நான் போட்ட படம் அவரைக் கேட்காமல் போட்டது, தவறு என்னுடையது, சேமித்தவர்கள் அழித்துவிடுங்கள், வேறு யாருக்கும் அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்" என்று எழுத வேண்டியிருக்கும். வதந்தியை அனுப்பியிருந்தால் மறுப்பையும் அதே குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். அசைன்மென்ட் என்றால் மதிப்பெண் போடுவதற்கு முன்பே ஆசிரியரிடம் போய்ச் சொல்வது நல்லது. பெரும்பாலான ஆசிரியர்கள் திரும்ப எழுதி வரச் சொல்வார்கள்.

புறம்பேசியது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாவிட்டால் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா? இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ஒரு கருத்து. சொன்னால் புதிதாக மனம் புண்படும், பகை வளரும் என்றால் சொல்லாமல், அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடி, எந்தச் சபையில் அவரைக் குறை பேசினோமோ அதே சபையில் அவரிடம் உள்ள நல்லதைப் பேச வேண்டும் என்பது இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம் போன்றோரின் கருத்து. தெரிந்துவிட்டிருந்தால் இந்த இரண்டாவது வழிக்கு இடமில்லை, நேரில் போய்க் கேட்கத்தான் வேண்டும். அந்த மாணவியின் தோழி செய்ய வேண்டியதும் அதுதான். அவளுடைய வாப்பா வரைக்கும் விஷயம் போய்விட்டதே.